அறுபத்தைந்தாவது பொருள்

உருத்திரமூர்த்திக்குக் கலியாணமாகி ஒன்பது வருஷம். இது ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும், அன்றைக்குப் பந்தியில் பாயாசம் தண்ணியாய் இருந்தது என்று இன்றுவரை குறை சொல்லித் திரிகிற இருநூறு பேருக்கும் தெரியும். சுவிற்சர்லாந்துக்கு மட்டும் தெரியாது. 1988ஆம் ஆண்டு வசந்தத்தில் காசுக்கு ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரன் புருஷனையும் பெண்சாதியையும் ஒரே விமானத்தில் ஏற்றவில்லை. ஒன்றாய்ப் போனால் ஒன்றாய்ப் பிடிபடுவீர்கள் என்று அவன் தத்துவம் பேசினான். மூர்த்தி முதலில் வந்து வின்டர்தூரில் ஓர் அகதி விடுதியில் கட்டில் பிடித்தான். மனைவி சிவமலர் பதினாறு நாள் கழித்து, வேறோர் எல்லையால், வேறொருத்தியின் கடவுச்சீட்டில் வந்து இறங்கினாள். அந்த வேறொருத்தி கலியாணம் ஆகாதவள். ஆகவே சிவமலரையும் கலியாணம் ஆகாதவள் என்று பதிந்து, உயர்ந்த மலைகளுக்கு நடுவே எங்கடின் பள்ளத்தாக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்க்கிற வேலை.

ரயிலில் ஏறினால் நாலு மணித்தியாலப் பயணம். ஆனால் அகதி அட்டை வைத்திருப்பவர் தன் கன்ரோனை, அதாவது தன் மாநிலத்தை, விட்டு வேறு கன்ரோனுக்குப் போய் வாழ முடியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று, சாப்பிட்டீரோ, ஓம், அங்க குளிரோ, ஓம், என்று நாலு சொல் கதைப்பதற்குள் சில்லறை தீர்ந்துவிடும். ஒன்பது வருஷத்துப் புருஷன் பெண்சாதிக்கு இது பெரிய அநியாயம்.

இந்த அநியாயத்தைத் தீர்க்க வேண்டிய கந்தோரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எதற்காகச் சொன்னீர் என்று மூன்று பிரதியில் விளக்கம் கேட்பார்கள். அங்கே ஹெர் மைலி, நம்முடைய பேச்சில் திருவாளர் மைலி, என்று ஓர் அதிகாரி இருந்தார். நல்ல மனுஷன். மூர்த்தி கலியாண அல்பத்தை மேசையில் வைத்தபோது, எழுபத்திரண்டு படங்களையும் ஒவ்வொன்றாய்ப் பொறுமையோடு பார்த்தார். மொழிபெயர்க்க மன்னார் அந்தோனிதாஸ் கூட வந்திருந்தான். அவன் மூர்த்திக்கு மூன்று வருஷம் முந்தி வந்தவன், டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேர்ச்சி பெற்றவன்.

அல்பத்தை மூடிவிட்டு ஹெர் மைலி சொன்னார்: "இதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது உறுதியாகிறது. பக்கத்தில் நிற்பது கலியாணம் ஆகாது. நான் இருபது வருஷமாக என் மேலதிகாரிக்குப் பக்கத்தில் நிற்கிறேன்."

கலியாணப் பதிவுத் துண்டு எங்கே என்று கேட்டார். ஊரில் பதிவுக் கந்தோர் போன வருஷம் சண்டையில் ஷெல் விழுந்து எரிந்துபோயிற்று என்றான் மூர்த்தி. எரிந்ததற்குப் பதிவுத் துண்டு உண்டா என்று கேட்டார். அதுவும் அந்தக் கந்தோரில்தான் எடுக்க வேண்டும் என்று மூர்த்தி சொன்னான். ஹெர் மைலி தலையாட்டினார். அவருக்கு அந்த ஒழுங்குமுறை பிடித்திருந்தது.

"நான் தனிப்பட்ட முறையில் உங்களை நம்புகிறேன்," என்றார் கடைசியில். "ஆனால் நம்புவதற்கு எனக்கு அதிகாரம் தரப்படவில்லை. இந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனம், அதன் படிவத்தில், பொறுப்பானவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் மூன்று பிரதியில் உறுதி செய்தால், அப்போது நம்பிக்கைக்கு இடமிருக்கிறது."

வெளியே வந்து படியில் நின்றபடி அந்தோனிதாஸ் யோசித்தான். அவன் ஒரு தேவாலயப் பங்கு மண்டபத்தில் தரை கழுவுகிறவன். அந்த மண்டபத்தில் வியாழக்கிழமை தோறும் ஒரு சங்கம் கூடும். திருநில அகழ்வாய்வுத் தொண்டர் சங்கம் என்று பெயர். பைபிள் நடந்த நாடுகளுக்குப் போய், மண்ணைக் கிண்டி, பழைய சட்டி பானை எடுக்கத் தொண்டர்களை அனுப்புகிற சங்கம்.

"மூர்த்தி அண்ணை, பன்னிரண்டு நாள் அவையோட நிண்டு சும்மா மண் கிண்டிக் குடுத்தாச் சரி. முடிவில தலைவர் கையெழுத்து வைச்சுக் கடதாசி குடுப்பார். முத்திரை சாப்பாட்டுக் கோப்பையளவு இருக்கும்."

மண் கிண்டுவதென்றால் மூர்த்திக்கு அல்வா. தன் ஊரான புன்னாலைக்கட்டுவனில் கிணறு வெட்டுகிற கொந்தராத்துக்காரன் அவன். முப்பத்தொரு கிணறு வெட்டியிருக்கிறான், ஒன்றும் வற்றினதில்லை. அலவாங்கைத் தூக்கிக் குத்தினால் சத்தத்தை வைத்தே கீழே கல்லா களிமண்ணா என்று சொல்வான். அடுத்த வியாழக்கிழமையே சங்கத்துக்குப் போனான்.

சங்கத் தலைவர் டொக்டர் ஹுகன்டோப்ளர். அவர் டொக்டர் பட்டம் பெற்றது சுங்கவரிச் சட்டத்தில். சங்கத்துக்குத் தொண்ணூற்றுநாலு விதிகள், அவற்றில் எண்பதை அவரே எழுதியவர். விண்ணப்பத்தில் சமயம் என்ற இடத்தில் மூர்த்தி சைவம் என்று எழுதியிருந்தான். அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை என்பதால் செயலாளர் அம்மா ஃபிராவ் எக்லி "ஏனைய சீர்திருத்தச் சபைகள்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டார். மூர்த்திக்கு இந்த நாட்டை விட்டு வெளியே போக அனுமதி இல்லை என்பது அடுத்துத் தெரியவந்தது. திருநிலத்துக்குப் போக முடியாதவனைத் தொண்டனாய் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது.

அது பெரிய தடையில்லை என்றார் தலைவர். 1967க்குப் பிறகு யாருமே போகவில்லை.

அந்தோனிதாஸ் அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுத்தான் மொழிபெயர்த்தான். இருபத்தொரு வருஷமாய்ச் சங்கம் பயிற்சி மட்டும்தான் எடுத்துவருகிறது. அதற்குத் தலைவர் நியாயம் சொன்னார்.

"அங்கே போய் வந்த ஒருவர் எங்களுக்கு அறிக்கை தந்தார். அங்கே எந்தப் பொருள் எந்த இடத்தில் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிவதில்லையாம். சில நாள் ஒன்றுமே கிடைப்பதில்லையாம். அப்படிப்பட்ட இடத்தில் பொறுப்புள்ள ஒரு சங்கம் எப்படி வேலை செய்வது? ஆகவே அந்த நாடுகள் தயாராகும் வரைக்கும் நாங்கள் இங்கேயே தயாராகிக்கொண்டிருக்கிறோம்."

பயிற்சி நிலம் வின்டர்தூருக்கு வெளியே, ஒரு முட்டைக்கோசுத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்தது. சங்கம் அங்கே ஆறு லொறி மணல் கொண்டுவந்து கொட்டி, அதற்குள் அறுபத்துநாலு மண்சட்டித் துண்டுகளைப் புதைத்து வைத்திருந்தது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் தொண்டர்கள் அவற்றைத் தோண்டி எடுப்பார்கள், கழுவுவார்கள், படிவம் நிரப்புவார்கள். பிறகு ஒரு குழு அவற்றைத் திரும்பவும் அதே இடத்தில் புதைக்கும். எது எங்கே என்று வரைபடமும் உண்டு. ஹெர் ஷ்டைகர் என்ற ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர் பதினாலு வருஷமாய் ஒரே கைப்பிடித் துண்டைக் கண்டுபிடித்து வருகிறார். ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்குமாம்.

பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள் மூர்த்தியைத் தனியே அனுப்பி, வடகிழக்கு மூலையில் புதிதாய் ஒரு சதுரத்துக்குப் புல் செருக்கி வைக்கச் சொன்னார்கள். இங்கேதான் வினை தொடங்கியது. மூர்த்தி முப்பத்தொரு கிணறு வெட்டினவன் என்றேனே, ஒரு கிணற்றுக்காவது பூசை வைக்காமல் மண்ணில் இரும்பு வைத்தவனில்லை. வெளிநாடு என்றால் மண் மண்ணில்லையா? ஒரு தேங்காய், இரண்டு தேசிக்காய், கற்பூரம், குங்குமம், நவதானியம், எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு போனான். ஈசான மூலையில் கற்பூரம் கொளுத்தி, தேங்காயை ஒரே அடியில் இரண்டாய் உடைத்து, தேசிக்காயை வெட்டிக் குங்குமம் பூசி வைத்து, பிள்ளையாரே, அந்த மனுசியை என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துப்போடு என்று கும்பிட்டான்.

கும்பிட்டு நிமிர்ந்தால் பயம் பிடித்துக்கொண்டது. தோட்டத்து வீட்டு யன்னலில் ஒரு கிழவி திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் குப்பை போடுவது கொலைக்கு அடுத்த குற்றம் என்பது மூர்த்தி விடுதியில் படித்த முதல் பாடம். கடதாசிக்கு ஒரு நாள், கண்ணாடிக்கு ஒரு பெட்டி, பச்சைக் கழிவுக்கு ஒரு வாளி, தகரத்துக்கு வேறு. தேங்காய்ச் சிரட்டை எதிலே சேரும்? மரமா, சாப்பாடா, பாத்திரமா? விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் சிரட்டை இல்லை. ஒரு பாதியைச் சம்பலுக்கென்று பைக்குள் போட்டான். மற்றப் பாதியில் தேங்காய்ச் சொட்டைத் தோண்டி எடுத்துவிட்டு, சிரட்டையையும் தேசிக்காயையும் தானியத்தையும் கற்பூரம் எரிந்த கரியையும் முழங்கையளவு ஆழத்தில் புதைத்து, மேலே மணலை இழுத்து மூடிவிட்டு நல்ல பிள்ளையாய் நடந்து போனான்.

பயிற்சி காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். திருநிலத்தில் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அப்படியொரு விதி. வின்டர்தூரில் அந்த நேரம் இரண்டு பாகை, பனிமூட்டத்தில் தன் கை தனக்குத் தெரியாது. பன்னிரண்டு தொண்டர்களும் அகன்ற வைக்கோல் தொப்பி போட்டு, மூக்கில் வெயில் களிம்பு பூசி, பல் கிடுகிடுக்க வரிசையில் நின்றார்கள். வெயில் மயக்கம் வராமல் ஆளுக்கு ஒரு குவளை உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்தரை மணிக்கு வெயில் தாங்காது என்று விசில் ஊதி எல்லோரையும் கூடாரத்துக்குள் அனுப்பினார்கள். அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது.

மூர்த்திக்கு வைக்கோல் தொப்பி கொடுக்கவில்லை. அவனுக்கு வேறு பதவி. விதி நாற்பத்தொன்றின்படி தொண்டர்கள் உள்ளூர் மக்களோடு பழகப் பயிற்சி பெற வேண்டும். இருபத்தொரு வருஷமாய் உள்ளூர் ஆளாய் நடித்தது ஒரு தபால்காரர், அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆகவே மூர்த்திதான் இந்த வருஷத்து உள்ளூர் ஆள். வந்து ஏழு மாதமான மனுஷன், பிறந்து வளர்ந்த சுவிஸ்காரருக்கு நடுவில் உள்ளூர் ஆளாய் நின்றான். தொண்டர்கள் முறை வைத்து வந்து அவன் குடும்ப நலம் விசாரித்தார்கள். மனைவி சுகமா என்று ஓர் ஆசிரியை புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். சுகமில்லை, எங்கடினில இருக்கிறா என்று மூர்த்தி சொன்னான். அந்தப் பதில் புத்தகத்தில் இல்லை என்பதால் அவள் அடுத்த கேள்விக்குப் போய், ஒட்டகம் சுகமா என்று கேட்டாள்.

தோண்டுவதிலும் அவன் சொல்லுக்கேற்ற ஆளாய் இருக்கவில்லை. முதல்நாள் அவனிடம் ஒரு மேசன் கரண்டியும் பல் துலக்கும் தூரிகையும் கொடுத்து ஒரு சதுரத்தைக் காட்டினார்கள். மூர்த்தி கரண்டியை ஓரமாய் வைத்துவிட்டு முட்டைக்கோசுக்காரனின் மண்வெட்டியை இரவல் வாங்கி, முக்கால் மணித்தியாலத்தில் அந்தச் சதுரத்திலிருந்த பதினேழு துண்டுகளையும் எடுத்துக் கழுவி அடுக்கிவிட்டான். தலைவர் வந்து பார்த்து வெளிறிப்போனார். அது நாலு நாள் வேலை. எடுத்ததெல்லாவற்றையும் திரும்பப் புதைத்து, ஒழுங்காய் மெதுவாய் எடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவனைப் படிவ வேலைக்கு மாற்றினார்கள். ஃபிராவ் எக்லி முப்பது வருஷமாய்க் கண்டெடுப்புப் படிவம் நிரப்புகிறவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அரைவாசி இருமல். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூர்த்தி படிவத்தைப் பார்த்து எழுதப் பழகினான். பொருள் எண், கிடைத்த இடம், மண் படை, ஆழம், நீளம், சேதம், பயன், இணைவு. அவன் கற்ற டொச்சு முழுக்க இந்தக் கட்டங்களுக்குள்தான் இருந்தது. பாண் வாங்கத் தெரியாது, விளிம்பு சிதைந்துள்ளது என்று எழுதத் தெரியும்.

ஏழாம் நாள் ஹெர் ஷ்டைகர் அலறினார். பதினாலு வருஷத்தில் அவர் அலறியது அதுதான் முதல் தடவை. புதிய சதுரத்தில், முழங்கையளவு ஆழத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு பொருள் கிடைத்துவிட்டது. சங்கம் புதைக்காத பொருள். தலைவர் ஓடிவந்து மண்டியிட்டுப் பார்த்தார். அரைவட்டமான, பழுப்பு நிறமான, உள்ளே மழமழவென்ற ஒரு கிண்ணம். பக்கத்தில் சிவப்புப் பூசிய ஏதோ பழத்தின் தோல். சுற்றிவர ஒன்பது விதத் தானியம். கொஞ்சம் கரி.

குப்பை வழக்குத்தான் என்று மூர்த்தி நினைத்தான்.

வழக்கு வரவில்லை. அடுத்தநாள் தலைவர் எல்லோரையும் கூடாரத்தில் கூட்டி உரையாற்றினார். இது தேங்காயின் ஓடு, தென்னை இந்த மண்ணில் முளைக்காது. சாலமோன் அரசனின் கப்பல்கள் மூன்று வருஷத்துக்கொரு முறை தூர தேசத்துக்குப் போய்வந்தன என்று வேதாகமத்தில் இருக்கிறது. அந்தக் கப்பலில் வந்த கிண்ணம் ஆலயத்தில் பாவிக்கப்பட்டு, ரோமர் காலத்தில் ஒரு வீரன் கையில் அகப்பட்டு, அவன் ஓய்வுபெற்று இந்த ஊருக்கு வந்து குடியேறும்போது கூடவே வந்திருக்க வேண்டும். "அன்பர்களே," என்றார் தலைவர், "நாங்கள் திருநிலத்துக்குப் போகத் தேவையில்லாமல் போய்விட்டது. திருநிலமே ஒழுங்கும் சுத்தமும் உள்ள இடத்தைத் தேடி வந்துவிட்டது."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹெர் ஷ்டைகர் அழுதார். சிரட்டை அறுபத்தைந்தாவது பொருள் என்று பதிவாயிற்று.

மூர்த்திக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையாருக்கு வைத்ததை வேறொருவர் கணக்கில் எழுதுவது அவனுக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தோனிதாஸ் தலையில் அடித்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டு இன்னும் மூன்று நாள் இரும், கடதாசி கைக்கு வரட்டும் என்று கெஞ்சினான். மூர்த்தி கேட்கவில்லை. பொய்க்கு மேல் வாங்குகிற கடதாசியில் பெண்சாதியைக் கூட்டிவந்து என்ன வாழ்க்கை என்று அவனையும் இழுத்துக்கொண்டு தலைவரிடம் போனான். நடந்தது முழுவதையும் சொன்னான்.

தலைவர் கோபப்படவில்லை. அன்போடு உட்காரச் சொன்னார்.

"இதை நீர்தான் வைத்தீர் என்பதற்கு என்ன ஆதாரம்?"

நான்தான் வைத்தேன், அதுதான் ஆதாரம் என்றான் மூர்த்தி. வைத்தபோது படிவம் நிரப்பினீரா என்று கேட்டார் தலைவர். இல்லை. சாட்சி? யன்னல் கிழவி பார்த்தா. கிழவிக்குக் கண்ணில் பூ விழுந்து நாலு வருஷம், அவர் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் என்றார் தலைவர். தேங்காயின் மற்றப் பாதி எங்கே என்றார் கடைசியாய்.

"சம்பல் அரைச்சுச் சாப்பிட்டிட்டன்."

அந்தோனிதாஸ் இதை மொழிபெயர்த்ததும் தலைவர் இரங்கின முகத்தோடு பார்த்தார். "ஆக, ஆதாரம் அழிக்கப்பட்டுவிட்டது. தம்பி, எங்கள் துறையில் யாரும் எதையும் சொல்லலாம். மனிதர் சொல்லை நம்பினால் ஆராய்ச்சி எதற்கு? மண் சொல்வதை மட்டும்தான் நாங்கள் நம்புவோம். மண் என்ன சொல்ல வேண்டும் என்று சங்கம் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது."

பொய் சொன்னால்தான் மாட்டுவது என்று நினைத்திருந்தான் மூர்த்தி. அவன் சொன்ன உண்மையும் இந்த நாட்டில் ஒரு தரமும் செல்லுபடியாகவில்லை.

பன்னிரண்டாம் நாள் நிறைவு விழா. சிரட்டை சிவப்பு வெல்வெற்றுத் துணியில், கண்ணாடிக் கூண்டுக்குள் வீற்றிருந்தது. அதைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். பேச்சு முடிய, மூர்த்தி தன் வேண்டுகோளைக் கொண்டுபோய்த் தலைவர் முன் நின்றான். சிவமலர் என் மனைவிதான் என்று சங்கத்தின் படிவத்தில் ஒரு வரி வேண்டும்.

தலைவர் மெய்யாகவே வருந்தினார். விதி மூன்று தடுக்கிறது என்றார். சங்கம் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கு மட்டும்தான் உறுதிச் சான்று கொடுக்கலாம். "நீங்கள் இருவரும் போதிய அளவு பழையவர்கள் இல்லை. அவசரப்பட வேண்டாம்," என்று தோளில் தட்டிவிட்டு, பாலாடைக்கட்டித் தட்டைத் தேடிப் போய்விட்டார்.

மூர்த்தி கூடாரத்தில் படிவ மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அழுகை வந்தது, அடக்கவில்லை. பன்னிரண்டு நாள் உப்புத் தண்ணீர் குடித்தது, ஒட்டகத்துக்குச் சுகம் சொன்னது, எல்லாம் பாழ். எங்கடினில் பனி விழத் தொடங்கிவிட்டது என்று போன ஞாயிறு சிவமலர் சொன்னாள். விரிப்புகளை வெளியே உலர்த்தும்போது விரல் மரக்கிறதாம். அதை அவள் முறைப்பாடாய்ச் சொல்லவில்லை, சும்மா செய்தியாய்ச் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

முன்னால் வெற்றுப் படிவக் கட்டு இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. அவனுக்கு டொச்சில் கடிதம் எழுதத் தெரியாது, படிவம் நிரப்பத் தெரியும். பொருள் எண் 66. தன்மை: ஆண். நீளம்: நூற்றறுபத்தெட்டு சென்ரிமீற்றர். மூல இடம்: புன்னாலைக்கட்டுவன். கிடைத்த இடம்: வின்டர்தூர். பொருள் எண் 67. தன்மை: பெண். மூல இடம்: அதுவே. கிடைத்த இடம்: எங்கடின். மண் படை: இரண்டுக்கும் 1979 ஆவணி. சேதம் என்ற கட்டத்தில் தனக்கு விளிம்பு சிதைந்துள்ளது என்று எழுதினான். அவளுக்கு, சேதமில்லை. பயன்: தனக்குத் தெளிவில்லை என்று எழுதினான். அவளுடையதில் அந்தக் கட்டம் போதாமல் ஓரத்தாலும் எழுதினான். இணைவு: உறுதி. இரண்டும் ஒரே பாத்திரத்தின் துண்டுகள். இரண்டையும் மூன்று பிரதியில் எழுதினான்.

எழுதி முடித்துத் திரும்பினால் பின்னால் ஃபிராவ் எக்லி நிற்கிறார். மூர்த்தி எழுந்து நின்றான். அவர் ஆறு தாளையும் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். ஓரிடத்தில் தவறாய்ப் போட்ட ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு சாப்பாட்டுக் கோப்பையளவு முத்திரையை எடுத்து ஆறு தரம் குத்தி, தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருந்த நூற்றுத் தொண்ணூற்றைந்து தாள்களுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு, இருமிக்கொண்டே போய்விட்டார்.

டொக்டர் ஹுகன்டோப்ளர் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிற ஆளில்லை. வாசிப்பது செயலாளர் மீது நம்பிக்கையின்மையைக் காட்டும் என்று விதி எழுபத்தேழில் அவரே எழுதியிருக்கிறார். இருநூற்றொரு கையெழுத்தையும் ஒரே இருப்பில் வைத்து முடித்தார்.

திங்கட்கிழமை, ஃபிராவ் எக்லி கட்டிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுத்த ஆறு தாளோடு மூர்த்தியும் அந்தோனிதாஸும் அந்தக் கந்தோருக்குப் போனார்கள். பிடிச்சு உள்ள போடப்போறாங்கள் அண்ணை என்று அந்தோனிதாஸ் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தான். ஹெர் மைலி தாள்களை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பிரதிகளை எண்ணினார். ஒவ்வொரு கட்டமாய்ப் பென்சிலால் சரிபார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. படிவத்தின் அடியில் அச்சடித்திருந்த வரியை வாய்விட்டு வாசித்தார்: இணைவு உறுதியான துண்டுகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல் ஆகாது.

"இதை முதலிலேயே கொண்டுவந்திருக்கலாமே," என்றார். "அந்த அல்பத்தை வைத்து ஏன் என் நேரத்தை வீணாக்கினீர்கள்?"

பிறகு பென்சில் ஓரிடத்தில் நின்றது. ஆழம் என்ற கட்டம் இரண்டு பொருளுக்கும் வெறுமையாய் இருக்கிறது, அது நிரப்பாமல் ஏற்க முடியாது என்றார். அந்தோனிதாஸ் மூர்த்தியைப் பார்த்தான். மூர்த்தி யோசித்து, ஒன்பது வருஷம் என்றான். ஹெர் மைலி கட்டத்தில் ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்து, கோப்பில் துளையிட்டுக் கோத்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு போயிற்று. பொருள் 67 வின்டர்தூருக்கு மாற்றப்படலாம் என்று கன்ரோன் கன்ரோனுக்கு எழுதியது. கூடவே படிவத்தின் ஒரு பிரதியைச் சங்கத்துக்கும் இன்னொன்றைச் சிவமலருக்கும் அனுப்பிவிட்டார்கள், பிரயாணத்தில் காட்ட வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வின்டர்தூர் நிலையத்தில் சிவமலர் ஒரு தோள்பையோடு இறங்கினாள். மூர்த்தி நேரத்துக்கு முன்னமே வந்து மூன்றாம் மேடையில் நின்றான். கிட்டப் போய்ப் பையை வாங்கினான். அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. ஹோட்டலில் ஏழெட்டு மாதம் இருந்ததில் அவளுக்கு அவனைவிட டொச்சு நல்லாய் வாசிக்க வந்திருந்தது. அந்தத் தாளை நாலாய் மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாள். வெளியே எடுத்து விரித்தாள்.

"இஞ்சருங்கோ, இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"இந்த ஓரத்தால எழுதினதுமோ?"

"ஓம்."

சிவமலர் அந்த ஓரத்தை இன்னொரு தரம் வாசித்தாள். ரயில் போய், மேடை காலியாகி, துப்புரவுக்காரன் தூத்துக்கொண்டு வந்து இவர்கள் காலடியில் நின்று வழி விடச் சொல்லும் வரைக்கும் வாசித்தாள்.

"கலியாணம் கட்டி ஒன்பது வருசம்," என்றாள். "இண்டைக்குத்தான் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறியள். மற்ற ரெண்டு பிரதியும் ஆரிட்டை?"

ஒன்று ஹெர் மைலியின் கோப்பில், மற்றது சிரட்டைக்குப் பக்கத்தில் சங்கத்தின் அலுமாரியில் என்று மூர்த்தி சொன்னான். திங்கட்கிழமை முதல் வேலையாய் இரண்டையும் போய் வாங்கிக்கொண்டு வரும்படி சிவமலர் உத்தரவிட்டாள். தனக்கு எழுதினதை ஊரார் ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.